நண்பர் வரும் வீட்டில் நம் தோட்ட மலர்கள்

மலர் தொடுப்பதில் நமக்கு நிகர் நாமே என்று தமிழர் பெருமை பேசுவதுண்டு. அப்பெருமை பொய்யன்று. சரம், மாலை, கண்ணி, கோதை, கதம்பம், செண்டு என்று பூவைக் கட்டும் முறைக்கேற்ப நம் மொழியில் எத்தனை பெயர்கள்! பூவின் பருவங்களுக்கும் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழு பெயர்கள் வழங்குகின்றன. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிச் சொன்னதைத் தமிழ் பயின்ற நம் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தீர்களா? நாம் பூப் பறிக்கும்பொழுது காம்பை ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. மல்லிகையாயினும் கனகாம்பரமாயினும் நாரிலே தொடுக்க அரை விரற்கடைக் காம்பு போதும். தலையிலோ தெய்வத்தின் படத்திலோ ஒருநாள் இருந்தால் அப்பூ தன் கடமையை முடித்துவிட்டது. நீரில் நிறுத்தி மூன்று நாள், ஐந்து நாள் காக்கும் கலை வேறு. அதற்கு முதற்பொருள் இதழன்று, காம்பு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு மற்றவை எல்லாம் எளிதில் விளங்கிவிடும்.

இதைப் பற்றி மாணவர் இதழில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. ஊரை விட்டு டில்லிக்குப் படிக்க வந்த நம்மில் பலர், 'என் இருப்பிடத்திற்கு வா' என்று ஒருவரை அழைக்கவே தயங்குகிறோம். அறை சிறிது, நாற்காலி இல்லை, சுவரில் காரை உதிர்கிறது, கையில் காசும் இல்லை. இதனால், வகுப்பில் மூன்றாண்டு அருகருகே அமர்ந்தவர்கள்கூட ஒருவர் வீட்டை ஒருவர் காணாமலே பிரிந்து போகிறார்கள். புதிதாக வந்து சேர்ந்த முதலாண்டு மாணவனோ ஞாயிற்றுக்கிழமை முழுதும் விடுதிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். கடையில் பூச்செண்டு வாங்க வசதி இல்லாதவர்க்கும் மாடியில் நான்கு தொட்டி வைக்க இடம் கிடைக்கும். தன் கையால் வளர்த்த பத்துப் பூவை ஒழுங்காக வைத்தால், காரை உதிர்ந்த அறையும் விருந்தினருக்காகக் காத்திருந்த அறையாகத் தோன்றும். விருந்தையும் மலரையும் ஒரே குறளில் சேர்த்து வைத்தவர் நம் வள்ளுவர். ஆகவே இது வீண் ஆடம்பரம் பற்றிய பேச்சன்று.

1. எந்த மாதம், எந்தப் பூ?

தென்னாட்டுப் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மல்லிகை இங்குக் கோடையில் பூக்கும், குளிரில் உறங்கும். டில்லியின் பூக்காலம் குளிர்காலத்தின் முடிவில் வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, நாற்றை நவம்பரில் பெயர்த்து நட்டால், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தொட்டிகள் நிறைந்து வழியும். ஏப்ரல் வெயில் அவற்றையெல்லாம் கருக்கிவிடும். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைப் பொதுமக்கள் காண வசந்த காலத்தில் திறந்துவிடுவதும் இக்காரணம் பற்றியே. 2023-ஆம் ஆண்டு முதல் அத்தோட்டத்தின் பெயர் அம்ருத் உத்யான். என்ன வளர்க்கலாம் என்று ஐயமுள்ளவர்கள் அங்கே ஒருமுறை குறிப்புப் புத்தகத்துடன் சென்று வரட்டும்.

தொடக்கத்தார்க்கு ஐந்து வகை போதும். முதலாவது, நாம் துலுக்கச் சாமந்தி அல்லது செண்டுமல்லி என்று சொல்லும் பூ. இங்குள்ளோர் அதனைக் 'கேந்தா' என்பர். இன்று நம் நாட்டில் அது இல்லாத திருமணமில்லை. எனினும் அதன் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நாடுகளுமே. இரண்டாவது காலெண்டுலா. மூன்றாவது, தோட்டக்காரர்கள் 'டாக் பிளவர்' என்றழைக்கும் ஆன்டிரைனம். நான்காவது டேலியா, இதுவும் மெக்சிகோவிலிருந்து வந்தது, லின்னேயசின் மாணவரான ஆண்டர்ஸ் டால் என்னும் சுவீடன் நாட்டுத் தாவரவியலாரின் பெயரைத் தாங்கியது. ஐந்தாவது ரோஜா.

சாமந்தியை ஏன் விட்டீர் என்பீர்கள். இங்குக் 'குல்தாவூதி' எனப்படும் பெருஞ்சாமந்தி நவம்பர், டிசம்பரிலேயே பூத்து முடிகிறது. இரவு நீண்டு பகல் குறுகும்பொழுதுதான் அது அரும்பு கட்டும். செடிகள் பகலிரவின் நீளத்தை அளந்து பூக்கும் இவ்வியல்பைக் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் 1920-ஆம் ஆண்டில் விளக்கினர். ஆகவே சாமந்தி வேண்டுவோர் தம் விருந்தை நவம்பரில் வைத்துக்கொள்க. தைப்பொங்கலன்று மூடுபனிதான் மிகுதி. அன்று செண்டுமல்லியும் காலெண்டுலாவுமே கைகொடுக்கும். தேர்வு நெருங்குமுன், பிப்ரவரிக் கடைசியில் நண்பரை அழைப்பதே சாலச் சிறந்தது.

2. கொய்யலாமா?

'செடியிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே. ஏன் வெட்ட வேண்டும்?' என்று வங்காள நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குத் தாவரவியல் ஒரு விடை சொல்கிறது. செடியின் நோக்கம் விதை. பூ முதிர்ந்து விதை கட்டத் தொடங்கினால் செடி தன் உணவையெல்லாம் அதற்கே செலுத்திப் புதிய அரும்பைக் குறைத்துக்கொள்ளும். பூவைக் காம்புடன் வெட்டினாலோ, வெட்டிய இடத்திற்குக் கீழே இலைக்கக்கத்தில் உறங்கும் மொட்டுகள் விழித்துப் புதுக் கிளைகளாகும். செண்டுமல்லி, காலெண்டுலா, டேலியா போன்றவை வெட்ட வெட்டப் பூப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் முழுவதையும் வெட்டுதல் தகாது. மூன்றில் ஒரு பங்கைத் தேனீக்கும் விதைக்கும் விட்டுவிடுவது என் தமக்கையார் வீட்டு மாடியில் நாங்கள் கைக்கொள்ளும் விதி.

3. எப்பொழுது, எந்தப் பருவத்தில்?

வெயில் ஏறுமுன் காலையில் கொய்க. இரவெல்லாம் வேர் நீரை உறிஞ்சியிருக்கும்; இலையிலிருந்து நீராவி போவது குறைவாக இருந்திருக்கும். ஆதலால் காம்பும் இதழும் நீர் நிரம்பி விறைப்பாக நிற்கும். காலையில் ஆய்வுக்கூடத்திற்கு ஓட வேண்டியவர்கள் வெயில் தாழ்ந்தபின் மாலையிலும் கொய்யலாம். பகலெல்லாம் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த சர்க்கரை அப்பொழுது மிகுந்திருக்கும். நண்பகல் மட்டும் கூடாது. முதல்நாள் மாலை தொட்டிக்கு நன்றாக நீர் விடுக.

பருவத்தை அறிய, மேலே சொன்ன ஏழு பெயர்களும் உதவும். ரோஜாவை முகையாகக் கொய்க. வெளியிதழ் ஒன்றிரண்டு நெகிழத் தொடங்கியிருக்க வேண்டும். இறுகிய மொட்டாக வெட்டினால் விரியாமலே தலை சாயும். ஆன்டிரைனத்தின் கதிரில் கீழ்ப்பூக்கள் சில விரிந்து மேலே அரும்பாக இருக்கையில் கொய்க. அது கீழிருந்து மேலாக மலர்ந்து வரும். செண்டுமல்லி, டேலியா, சாமந்தி ஆகியவற்றை நன்கு மலர்ந்தபின் கொய்க. அவை அரும்பாக வெட்டப்பட்டால் நீரில் சரிவர விரியா.

இங்கே ஒரு நுட்பம். செண்டுமல்லி நாம் எண்ணுவது போல ஒரு பூவன்று. நூற்றுக்கணக்கான சிறுமலர்கள் ஒரே தட்டில் நெருங்கி அமர்ந்த மலர்க்கூட்டம். அவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மலரும். நடு இன்னும் இறுகியிருந்தால் அது இளையது. நடுவும் விரிந்துவிட்டால் முதியது. சந்தையில் பூ வாங்குவோர்க்கும் இக்குறிப்பு பயன்படும்.

4. காம்பு என்னும் நீர்க்குழாய்

காம்பினுள் சைலம் எனப்படும் மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாகச் செல்கின்றன. மேலே இலையும் இதழும் நீரை ஆவியாக விட, அவ்விழுப்பினால் கீழிருந்து நீர் அறுபடாத நூல்போல ஏறுகிறது. நீரணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் ஆற்றலே அந்நூலை அறாமல் காக்கிறது என்று டிக்சன், ஜோலி என்னும் டப்ளின் அறிஞர் இருவர் 1894-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர்.

செடியிலிருந்து வெட்டியதும் நடப்பது என்ன? இழுப்பு நிற்பதில்லை. வெட்டுவாயில் நீருக்குப் பதில் காற்று நுழைகிறது. காற்றுக் குமிழி குழாயில் அமர்ந்தால் நூல் அறுந்தது; பிறகு குடத்து நீரில் நிறுத்தினாலும் பூ தாகத்தால் வாடும். இதற்குப் பரிகாரம் எளிது. கொய்யும்பொழுதே ஒரு வாளி நீரைக் கையோடு கொண்டு செல்க. வீட்டிற்கு வந்தபின், காம்பின் நுனியை நீருக்குள் ஆழ்த்தி, நீருக்குள்ளேயே இரண்டு விரற்கடை நறுக்கி எறிக. காற்றடைத்த பகுதி போய்விடும். புதிய வாயில் நீரே நுழையும். கூரிய கத்தி வேண்டும். மழுங்கிய கத்தரி குழாய்களை நசுக்கிவிடும். சாய்வாக நறுக்கினால் காம்பு பாத்திரத்தின் அடியில் அழுந்தி வாயடைபடாது. ரோஜாக் காம்பைச் சுத்தியால் தட்டி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தீது, சிதைந்த நாரில் பாக்டீரியங்கள் பெருகும்.

நறுக்கியபின் உடனே அலங்கரிக்கத் தொடங்காதீர்கள். ஆழமான நீரில், குளிர்ந்த இருட்டான மூலையில், இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துக. முதலில் வெதுவெதுப்பான நீர் நன்று. 20 பாகை செண்டிகிரேட்டில் இருப்பதைக் காட்டிலும் 40 பாகையில் நீரின் பாகுத்தன்மை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் குழாயில் எளிதில் ஏறும். அதில் கரைந்துள்ள காற்றும் குறைவு.

5. நீரும் உணவும்

வெட்டிய பூவின் பகைவர் மூவர்: பாக்டீரியம், பசி, எதிலீன்.

பாக்டீரியங்கள் நீரில் பெருகி, வழவழப்பான படலமாகக் குழாய் வாயை அடைக்கும். ஆகவே பாத்திரத்தைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவுக. நீருக்குள் அமிழும் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுக. அழுகும் இலையே அவற்றின் முதல் உணவு. நாள்தோறும் நீரை மாற்றுக. மாற்றும்போது காம்பை அரை விரற்கடை நறுக்குக. டில்லியில் பல வீடுகளில் வரும் நிலத்தடி நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடினநீர். அதனைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துவது நலம்.

அடுத்தது பசி. வெட்டியபின்னும் இதழ்கள் சுவாசிக்கின்றன. சேமித்த சர்க்கரை கரைந்துகொண்டே போகிறது. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் சுவாசம் இருமடங்கு, மும்மடங்கு ஆகும். அதனால்தான் குளிர்ந்த மூலையில் பூ நெடுநாள் நிற்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் கலந்தால் உணவும் ஆயிற்று. அமிலத்தன்மையால் நீரேற்றமும் எளிதாயிற்று. ஆனால் சர்க்கரை பாக்டீரியத்திற்கும் விருந்தே. எனவே ஒரு தேக்கரண்டி வெளுப்பு நீரைச் சேர்ப்பவர் உண்டு. வேதியியல் மாணவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை: வெளுப்பு நீரையும் எலுமிச்சைச் சாற்றையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நச்சுக் குளோரின் வாயு எழும். வெளுப்பு நீரை முதலில் ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதன்பின் சாற்றை விடுக. வேண்டாம் என்போர் வெறும் நீரை நாள்தோறும் மாற்றினாலே போதும்.

மூன்றாம் பகைவன் எதிலீன் என்னும் வாயு. விளக்கு எரிக்கும் வாயுவில் பட்டாணி நாற்றுகளைக் கோணச் செய்வது எதிலீனே என்று உருசிய நாட்டு நெல்யூபோவ் 1901-ஆம் ஆண்டில் கண்டார். பழுக்கும் கனிகளே அவ்வாயுவை உண்டாக்குகின்றன என்பதை 1934-ஆம் ஆண்டில் கேன் என்பவர் மெய்ப்பித்தார். இது மூப்பை விரைவுபடுத்தும் ஹார்மோன். ஆன்டிரைனத்தின் மலர்கள் இதனால் உதிர்ந்துவிடும். நம் வீட்டு விருந்திலோ வாழைப்பழச் சீப்பும் பூவும் ஒரே தட்டில் வீற்றிருப்பது மரபு! பூசைக்கு அது பொருந்தும். ஒரு பொழுதிற்குக் கேடில்லை. மூன்று நாள் நிற்க வேண்டிய பூவையும் பழுத்த வாழைப்பழத்தையும் ஒரு மூலையில் வைக்காதீர்கள். வாடிய பூவை உடனே நீக்குக. அதுவும் எதிலீனை விடும்.

6. அடுக்கும் முறை

பாத்திரத்திற்குக் கடைக்குப் போக வேண்டா. பித்தளைச் செம்பு, ஊறுகாய்க் கண்ணாடிச் சாடி, உடைந்த மூக்குக் கூஜா எல்லாம் ஏற்றவை. செம்பில் எலுமிச்சைச் சாறு படக் கூடாது. உள்ளே ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்து அதில் நீர் விடுக. காம்புகள் சாயாமல் நிற்கக் கூழாங்கற்களையோ, வாயில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிய குச்சிகளையோ பயன்படுத்தலாம். கடையில் விற்கும் பச்சை நுரைக்கட்டி ஒருவகைப் பிளாஸ்டிக். பொடிந்து மண்ணில் தங்கும். நமக்கு அது வேண்டா.

உயரத்திற்கு ஓர் எளிய கணக்கு: பூங்கொத்து பாத்திரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கலாம். முதலில் இலைக் கொத்தை நிறுத்துக. துளசியும் மரிக்கொழுந்தும் கிடைத்தால் இலையும் ஆயிற்று, மணமும் ஆயிற்று. பின் நெட்டைக் கதிரான ஆன்டிரைனத்தை நடுவிலும், கனத்த டேலியாவைத் தாழ்விலும், சிறு பூக்களை இடையிலும் வைக்க. பெரிய பூக்கள் மூன்று அல்லது ஐந்து என ஒற்றைப்படையில் இருந்தால் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும். ஒரு நிறம் தலைமை தாங்கட்டும்; ஐந்து நிறமும் சம அளவில் கூடினால் சந்தைக் கூடையாகிவிடும். மாலை விருந்தென்றால் மஞ்சள் விளக்கொளியில் ஊதாவும் நீலமும் மங்கிவிடும்; வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களே ஒளிரும்.

இவற்றையெல்லாம் விட முதன்மையானது ஒன்று. நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வந்திருக்கிறார்கள். இடையில் பூ மதிலாக நிற்கலாகாது. மேசை நடுவே வைப்பது ஒரு சாண் உயரத்திற்குள் அடங்கட்டும். நம்மைப்போல் ஜமக்காளம் விரித்து அமர்பவர்கள் பூவை மேலிருந்தே பார்ப்பார்கள். அவர்களுக்கு அகன்ற தட்டிலோ உருளியிலோ நீர் விட்டுக் காம்பற்ற பூக்களை மிதக்கவிடுவதே அழகு. கொய்யும்போது காம்பு ஒடிந்தவை இதற்கு உதவும்.

உணவருகே சம்பங்கி போன்ற கடுமணப் பூக்கள் ஆகா. சாம்பாரின் மணத்தோடு அவை போர் தொடுக்கும். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சு, செங்காந்தளும் அவ்வாறே. இரண்டையும் இலையருகே கொண்டுவர வேண்டா. நண்பர்களில் இழுப்பு நோயுள்ளவர் இருந்தால் மகரந்தம் உதிரும் பூக்களைச் சன்னலோரம் தள்ளி வைக்க.

7. ஒரு சிறு சோதனை

அறிவியல் மாணவர் கேட்டதை அப்படியே நம்பலாகாது. ஒரே செடியில், ஒரே பருவத்துச் செண்டுமல்லி 15 கொய்து மூன்று தம்ளர்களில் ஐந்து ஐந்தாக நிறுத்துக. முதலாவதில் நீரை மாற்றாதீர். இரண்டாவதில் நாள்தோறும் மாற்றிக் காம்பை நறுக்குக. மூன்றாவதில் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்த நீரை நாள்தோறும் மாற்றுக. எத்தனையாம் நாளில் எத்தனை பூத் தலை சாய்ந்தது என்று அட்டவணை இடுக. மூன்று மாடிகளில் மூவர் இதனைச் செய்து ஒப்பிட்டால் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் படிக்கத் தக்க கட்டுரையாகும். விருந்துக்கு வரும் சிறுவர்களுக்காக இன்னொன்று: வெள்ளைச் சாமந்தியை நீல மை கலந்த நீரில் முதல்நாள் நிறுத்துக. சைலம் என்பது எங்கே இருக்கிறதென்று இதழ்களே காட்டிக்கொடுக்கும்.

8. யார் செய்வது?

நம் சங்க விழாக்களில் ஒரு வழக்கத்தைக் காண்கிறேன். மேடை கட்டுவது ஆடவர்; பூ வைப்பது மகளிர் என்று யாரும் சொல்லாமலே பிரிந்துவிடுகிறது. தொட்டிக்கு நீர் சுமப்பதும் கத்தி தீட்டுவதும் காம்பு நறுக்குவதும் எக்கையாலும் ஆகும் பணி. விருந்தினரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். சென்ற பிப்ரவரியில் எங்கள் மாடிக்கு வந்த பஞ்சாபி நண்பர் ஒருவரிடம் ஒரு கத்தியையும் கூடை நிறையப் பூவையும் கொடுத்தோம். அரைமணி நேரத்தில் அவர் எங்களுக்குக் குல்தாவூதியின் வகைகளைச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் அவருக்குச் சரம் தொடுக்கக் கற்றுக்கொடுத்தோம். அன்று பேச்சுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கவில்லை.

விருந்து முடிந்தபின் ஆளுக்கொரு பூவைக் கொடுத்தனுப்புக. வாடியவற்றைத் தொட்டி மண்ணிலேயே புதைத்து உரமாக்குக. செடியில் விட்டுவைத்த செண்டுமல்லிகள் மார்ச் முடிவில் காய்ந்து நிற்கும். அவற்றைப் பிரித்தால் ஒரு முனை கறுத்தும் மறுமுனை வெளுத்தும் மெல்லிய ஊசிபோன்ற விதைகள் உதிரும். நிழலில் உலர்த்திக் காகித உறையிலிட்டுப் பெயரும் நாளும் எழுதி வைக்க. செப்டம்பரில், விதைக்கும் பருவத்தில், புது மாணவர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். ஆளுக்கோர் உறையும், வீட்டிற்கு வருமாறு ஓர் அழைப்பும் கொடுப்போமாக.